தரிசெனத் தோன்றும் தாயகம்

நுழையும்முன்

நிலத்தை ஐந்தாகப் பகுத்த தமிழ் மரபு, அந்தந்த நிலத்துக்குரிய பறவை, விலங்கு, மரம், மக்கள், தொழில் ஆகியவற்றைக் கருப்பொருள் என்னும் ஒரே தொகுதியில் வைத்து எண்ணியது. ஒரு நிலத்தை அறிய வேண்டுமெனில் அங்கு வாழும் உயிர்களையும் அங்கு நடைபெறும் தொழிலையும் சேர்த்தே அறிய வேண்டும் என்பது அதன் உட்கருத்து. இன்றைய சூழலியல் மதிப்பீடும் இதே நெறியில்தான் இயங்குகிறது. இங்கிலாந்தின் புதர்வெளிகளுக்கு அருகே வீடுகள் கட்ட முனையும்போது, அந்நிலத்தின் உயிர்ச்சூழல் எவ்வாறு ஆராயப்படுகிறது, எவ்வாறு முடிவெடுக்கப்படுகிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

வறுமையே வளமான மண்

இங்கிலாந்தின் தென்பகுதியில், கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில், மணலும் சரளையும் கலந்த மண்ணின்மீது விரிந்து கிடக்கும் திறந்தவெளிகள் உள்ளன. ஆங்கிலேயர் இவற்றை ‘ஹீத்’ என்பர். தமிழில் தாழ்நிலப் புதர்வெளி எனலாம். முழங்கால் உயரத்துக்கு வளரும் ஹெதர் செடிகளும், மஞ்சள் பூக்கள் நிறைந்த முட்புதரான கார்ஸும் இவ்வெளியை மூடியிருக்கும். ஆங்காங்கே வெற்று மணல் திட்டுகள் தென்படும். கோடையின் பிற்பகுதியில் ஹெதர் பூக்கும்போது வெளி முழுவதும் ஊதா நிறம் கொள்ளும். ஏனைய காலங்களில் பழுப்பேறிய தரிசாகவே காட்சியளிக்கும்.

இம்மண்ணில் மழைநீர் எளிதில் இறங்கிவிடுகிறது. இறங்கும்போது ஊட்டச்சத்துகளையும் இரும்பையும் கரைத்துக் கீழே கொண்டு செல்கிறது. அதனால் மேல்மண் சாம்பல் நிறமடைந்து, அமிலத்தன்மை மிகுந்து, சத்தற்றதாகிறது. இத்தகைய மண்ணை மண்ணியலார் ‘பாட்சால்’ என அழைப்பர். உழவனுக்குப் பயன்படாத இம்மண்தான் புதர்வெளியின் அடித்தளம். சத்து மிகுந்தால் புற்கள் செழித்து ஹெதரை மூடிவிடும். எனவே இந்நிலத்துக்கு உரமிடுவது நன்மையன்று. அதுவே அதன் அழிவுக்கு வழியாகும்.

பள்ளமான இடங்களில் நீர் தேங்கி ஈரப் புதர்வெளி உருவாகிறது. அங்கு ஸ்பாக்னம் பாசியும், பூச்சிகளைப் பிடித்துண்ணும் ‘சன்டியூ’ செடியும் வளர்கின்றன. தமிழகத்தில் அழுகண்ணி என வழங்கும் செடி இதன் உறவினமே. மண்ணில் கிடைக்காத தழைச்சத்தைப் பூச்சிகளின் உடலிலிருந்து பெற்றுக்கொள்வதால், இச்செடி வறிய மண்ணிலும் நிலைத்து வாழ்கிறது.

மனித உழைப்பில் உருவான இயற்கை

புதர்வெளி, மனிதர் கால்படாத கன்னிநிலம் அன்று. வெண்கலக் காலம் முதலே மக்கள் காடுகளைத் திருத்தி, வலுவிழந்த மண்ணில் கால்நடைகளை மேய்த்து வந்தனர். பிற்காலத்து மக்கள் ஹெதரைக் கூரை வேயவும், கார்ஸை அடுப்பெரிக்கவும், புல்கரணைகளை விறகுக்கு மாற்றாகவும் வெட்டினர். இவ்வாறு ஆண்டுதோறும் வெட்டுவதும் மேய்ப்பதும் எரிப்பதும் நடந்ததால், பைன், பிர்ச் முதலிய மரங்கள் தலையெடுக்கவில்லை. மண்ணில் சத்தும் சேரவில்லை. கருப்பொருள்களுள் தொழிலும் ஒன்றாக இடம்பெறுவதன் பொருத்தம் இங்கு விளங்கும். தொழில் நின்றால் புதர்வெளி சில பத்தாண்டுகளில் காடாக மாறிவிடும்.

பதினெட்டாம் நூற்றாண்டுக்குப் பின் நிலைமை மாறியது. பொதுமேய்ச்சல் நிலங்கள் வேலியிடப்பட்டன. உரத்தின் துணையால் சில பகுதிகள் விளைநிலங்களாயின. சில பகுதிகளில் பைன் மரத் தோட்டங்கள் நடப்பட்டன. நகரங்கள் பெருகி எஞ்சியவற்றை விழுங்கின. இங்கிலாந்தில் 1800ஆம் ஆண்டளவில் இருந்த தாழ்நிலப் புதர்வெளியில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கே இன்று எஞ்சியுள்ளது. ஆயினும் உலகிலுள்ள இவ்வகை நிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பிரிட்டனில்தான் இருக்கிறது. எழுத்தாளர் தாமஸ் ஹார்டி 1878இல் வெளியிட்ட ‘தி ரிட்டர்ன் ஆஃப் தி நேட்டிவ்’ என்னும் புதினத்தின் களமான எக்டன் ஹீத், டார்செட் மாவட்டத்தின் புதர்வெளிகளை அடிப்படையாகக் கொண்டு படைக்கப்பட்டதே. ஒருகாலத்தில் தொடர்ச்சியாகக் கிடந்த அவ்வெளி, இன்று சாலைகளாலும் குடியிருப்புகளாலும் பல துண்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது.

தெரிந்து தெளிவோம்

1773ஆம் ஆண்டு இலண்டனுக்குத் தென்கிழக்கே டார்ட்ஃபோர்டு நகருக்கு அருகிலுள்ள பெக்ஸ்லி ஹீத்தில் கிடைத்த ஒரு சிறு பறவையை, தாமஸ் பென்னன்ட் என்னும் இயற்கையியலார் 1776இல் ‘டார்ட்ஃபோர்டு வார்ப்ளர்’ எனப் பெயரிட்டு விவரித்தார். அப்பறவைக்குப் பெயர் கிடைக்கக் காரணமான புதர்வெளி இன்று இல்லை. பெக்ஸ்லிஹீத் என்னும் பெயருடன் இலண்டனின் புறநகர்ப் பகுதியாக அது மாறிவிட்டது.

நிலத்தை நம்பி வாழும் உயிர்கள்

புதர்வெளியின் மதிப்பை அறிவிக்கும் மூன்று பறவைகள் உள்ளன. முதலாவது பக்கி. ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்து, மே மாதத்தில் இங்கிலாந்தை அடையும் இப்பறவை, கூடு கட்டுவதில்லை. வெற்றுத் தரையில் இரண்டு முட்டைகளை இடுகிறது. பட்டுப்போன மரத்துண்டு போன்ற அதன் இறகு நிறமே அதற்குக் காவல். அந்தி மங்கியபின் இராட்டை சுழல்வது போன்ற ஒலியை இடைவிடாமல் எழுப்புகிறது.

இரண்டாவது மரவானம்பாடி. குளிர்காலம் முற்றும் விலகுமுன்னரே பாடத் தொடங்கி, குட்டையான செடிகளுக்கிடையே தரையில் கூடமைக்கிறது. மூன்றாவது டார்ட்ஃபோர்டு கதிர்க்குருவி. அடர்ந்த கார்ஸ் புதரிலும் முதிர்ந்த ஹெதரிலும் தாழ்வாகக் கூடு கட்டும் இது, குளிர்காலத்திலும் இடம்பெயர்வதில்லை. சிலந்திகளையும் பூச்சிகளையும் உண்டு வாழ்வதால், பனி நீடிக்கும் ஆண்டுகளில் பட்டினியால் மடிகிறது. 1962-63ஆம் ஆண்டின் கடுங்குளிருக்குப் பின் பிரிட்டன் முழுவதிலும் ஏறத்தாழ 10 இணைகளே எஞ்சின.

பிரிட்டனுக்கு உரிய ஆறு வகை ஊர்வனவும் டார்செட் புதர்வெளிகளில் வாழ்கின்றன. அவற்றுள் மணல்பல்லி, வெயில் படும் வெற்று மணலைத் தோண்டி முட்டையிடுகிறது. வெள்ளிப்புள்ளி நீலன் என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழுவை எறும்புகள் காக்கின்றன. புழு சுரக்கும் இனிய நீர் எறும்புகளுக்கு உணவாகிறது. வெற்று மணல், எறும்புப் புற்று, முட்புதர் எனப் பயனற்றவையாகத் தோன்றும் ஒவ்வொன்றும் ஓர் உயிரின் இருப்பிடமாகும்.

முதல் வினா: அங்கே என்ன இருக்கிறது?

புதர்வெளிக்கு அருகே குடியிருப்பு ஒன்று அமைக்க ஒரு நிறுவனம் விண்ணப்பிக்கும்போது, சூழலியலாளர் முதலில் ஆவணங்களை ஆராய்கிறார். பாதுகாக்கப்பட்ட பகுதிகள் எவ்வளவு தொலைவில் உள்ளன, முன்னர் எவ்வுயிர்கள் பதிவாகியுள்ளன, நீரோட்டம் எத்திசையில் செல்கிறது என்பனவற்றைத் தொகுக்கிறார். பின்னர்க் களத்தை நடந்து பார்த்து, வாழிட வகைகளை வரைபடத்தில் குறிக்கிறார். எவ்வெவ் விரிவான ஆய்வுகள் தேவை என்பதை இத்தொடக்க ஆய்வே முடிவு செய்கிறது.

தாவரங்களை அறியச் சதுரச் சட்ட முறை பயன்படுகிறது. புதர்வெளியில் 2 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் கொண்ட சதுரங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் உள்ள செடிகளின் பெயரையும் அவை மூடியுள்ள பரப்பின் அளவையும் பதிவு செய்கின்றனர். ஹெதர் இளமையாக உள்ளதா, முதிர்ந்துள்ளதா, புற்கள் பரவுகின்றனவா, மரக்கன்றுகள் முளைத்துள்ளனவா என்பனவும் குறிக்கப்படும். இவை அந்நிலத்தின் உடல்நலத்தைக் காட்டும் அறிகுறிகளாகும்.

ஊர்வனவற்றைக் கண்டறியும் முறை எளிமையானது. நெளிவுடைய தகரத் தகடுகளையோ கூரைக்குப் பயன்படும் தார்விரிப்புத் துண்டுகளையோ செடிகளுக்கிடையே பரப்பி வைப்பர். வெயிலில் அவை சூடேறும்போது, குளிர்குருதி விலங்குகள் வெப்பத்தை நாடி அவற்றின் மேலும் கீழும் வந்து தங்கும். வெப்பநிலை 9 முதல் 18 செல்சியஸ் வரை உள்ள நாள்களில், காலையிலும் பிற்பகல் இறுதியிலும் சென்று பார்க்க வேண்டும். ஒருமுறை பார்த்துவிட்டு ‘எதுவும் இல்லை’ என முடிவு செய்யக் கூடாது. ஏழு முறையேனும் சென்று பார்ப்பது வழக்கம்.

பறவை ஆய்வில் காலமே முதன்மையானது. பகலில் சென்ற ஒருவர் பக்கியைக் காணாமலே திரும்பக்கூடும். ஆகவே கோடைக் காலத்தின் அந்திப் பொழுதுகளில் சென்று, அதன் ஒலி எழும் இடங்களை வரைபடத்தில் குறித்து, ஆண் பறவைகளின் எண்ணிக்கையைக் கணக்கிடுகின்றனர்.

தெரிந்து தெளிவோம்: ஆய்வுக்குரிய காலம்

மரவானம்பாடி - பிப்ரவரி நடுப்பகுதி முதல் மே வரை, காலையில்
டார்ட்ஃபோர்டு கதிர்க்குருவி - ஏப்ரல் முதல் ஜூலை வரை, காலையில்
பக்கி - மே இறுதி முதல் ஜூலை நடுப்பகுதி வரை, அந்தியிலும் விடியலுக்கு முன்னும்

டிசம்பர் மாதத்தில் நடத்தப்படும் ஆய்வு இவற்றுள் எதற்கும் முழுமையான விடை தராது. மேலும், கடுங்குளிருக்கு அடுத்த ஆண்டில் கதிர்க்குருவி ஒரு வெளியில் காணப்படவில்லை என்பதால், அவ்வெளி அதற்கு உரியதன்று எனக் கொள்ளலாகாது. எனவே, பல ஆண்டுகளின் பதிவுகளை ஒப்பிட்டே முடிவு காண வேண்டும்.

இரண்டாம் வினா: வேலிக்கு அப்பால் என்ன நேரும்?

கட்டடம் எழும் இடம் புதர்வெளிக்கு வெளியே இருக்கலாம். ஒரு ஹெதர் செடியும் வெட்டப்படாமல் இருக்கலாம். அப்படியானால் கேடு ஏதும் இல்லை என விண்ணப்பதாரர் வாதிடக்கூடும். மதிப்பீட்டின் கடினமான பகுதி இங்கேதான் தொடங்குகிறது. வீடுகளைப் போலவே அங்குக் குடியேறும் மக்களின் அன்றாட வாழ்வும் கணக்கில் கொள்ளப்பட வேண்டும்.

குடியிருப்போர் காலையிலும் மாலையிலும் நாயுடன் உலவச் செல்வர். திறந்தவெளியாகிய புதர்வெளி அவர்களை ஈர்க்கும். அவிழ்த்துவிடப்பட்ட நாய் பாதையை விட்டு விலகி ஓடும்போது, தரையில் அடைகாக்கும் பக்கி எழுந்து பறக்கிறது. அதன் இறகு மறைத்திருந்த முட்டைகள் வெளிப்படுகின்றன. காக்கை முதலியவை அவற்றைக் கவர்ந்து செல்கின்றன. நாயும் அதன் உரிமையாளரும் தாம் விளைவித்த இழப்பை அறியாமலே கடந்து செல்கின்றனர்.

இது வெறும் ஊகம் அன்று. டார்செட்டில் நடந்த ஆய்வுகளில், சுற்றிலும் குடியிருப்புகள் மிகுந்த புதர்வெளிகளில் பக்கிகள் குறைவாக இருப்பது கண்டறியப்பட்டது. முட்டையோ குஞ்சோ இழந்த கூடுகள் பெரும்பாலும் பாதைகளுக்கு அருகில் இருந்தன. ஆள்நடமாட்டம் மிகுந்த ஹெதர் பகுதிகளில் கதிர்க்குருவியின் இனப்பெருக்கம் ஆறு வாரங்கள் வரை தாமதமானது. தாமதமானால், அதே ஆண்டில் மறுமுறை குஞ்சு பொரிக்க அதற்குக் காலம் போதாது. மணிக்கு எட்டு முறை இடையூறு நேரும் இடத்தில் மரவானம்பாடி குடியேறும் வாய்ப்பு பாதிக்கும் கீழே குறைந்தது.

இவற்றோடு வேறு விளைவுகளும் உள்ளன. வீட்டுப் பூனைகள் இரவில் வேட்டையாடுகின்றன. நாய்களின் கழிவு பாதையோர மண்ணில் சத்தைச் சேர்ப்பதால் ஹெதர் மறைந்து புல் தழைக்கிறது. வாகனப் புகையிலுள்ள நைட்ரஜன் சேர்மங்களும் அதே மாற்றத்தை விளைவிக்கின்றன. சாலையிலிருந்து 200 மீட்டர் வரையுள்ள பகுதி இதற்காக ஆராயப்படுகிறது. புதிய வடிகால்கள் நிலத்தடி நீரின் போக்கை மாற்றினால் ஈரப் புதர்வெளி உலரும். மனிதரின் கவனக்குறைவால் பற்றும் தீ, முட்டைகளையும் ஊர்வனவற்றையும் ஒருசேர அழிக்கும். 2011ஆம் ஆண்டு மே மாதத்தில் பெர்க்‌ஷயரின் ஸ்வின்லி காட்டில் பரவிய தீயை அணைக்கத் தீயணைப்பு வீரர்கள் பல நாள் போராட நேர்ந்தது. எரிந்த வெளி மீண்டும் பசுமை பெற்றாலும், கதிர்க்குருவிக்குத் தேவையான முதிர்ந்த புதர் உருவாகப் பல ஆண்டுகள் ஆகும்.

மூன்றாம் வினா: அனைத்தும் கூடினால்?

பத்து வீடுகளால் ஒரு பறவையினம் அழிந்துவிடும் என எவரும் கூற இயலாது. ஒவ்வொரு திட்டமும் தனித்துப் பார்க்கும்போது சிறியதாகவே தோன்றும். ஆனால் சுற்றியுள்ள ஊர்கள் ஒவ்வொன்றும் பத்துப் பத்து வீடுகளாகச் சேர்த்தால், பல ஆயிரம் பேர் ஒரே வெளியில் நடமாடுவர். எனவே ஒரு திட்டத்தை ஏனைய திட்டங்களுடன் சேர்த்தே எடைபோட வேண்டும் என்பது சட்டத்தின் விதி.

இவ்விதி எத்துணை வலிமையுடையது என்பதைத் தேம்ஸ் வடிநிலப் புதர்வெளிகள் உணர்த்தின. இலண்டனுக்குத் தென்மேற்கே சர்ரே, ஹாம்ப்‌ஷயர், பெர்க்‌ஷயர் மாவட்டங்களில் சிதறிக் கிடக்கும் இவ்வெளிகள், 8,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட பரப்புடையவை. முற்கூறிய மூன்று பறவைகளைக் காக்கும் பொருட்டு 2005ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இவை சிறப்புப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டன. அறிவிப்புக்கு அடிப்படையான கணக்கெடுப்பில் பக்கி 264 இணைகளும், மரவானம்பாடி 149 இணைகளும், டார்ட்ஃபோர்டு கதிர்க்குருவி 445 இணைகளும் பதிவாகியிருந்தன. பிரிட்டனிலுள்ள கதிர்க்குருவிகளில் நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவை அங்கு வாழ்ந்தன.

அதே பகுதிதான் நாட்டிலேயே வீடுகளுக்கான தேவை மிகுந்த பகுதிகளுள் ஒன்று. பதினொரு உள்ளாட்சி அமைப்புகள் அங்குக் கட்டட அனுமதி வழங்கும் பொறுப்பில் இருந்தன. கூட்டு விளைவு இல்லை என மெய்ப்பிக்க எவராலும் இயலாததால், ஆயிரக்கணக்கான வீடுகளுக்கான அனுமதி தேங்கியது. வாடகை வீட்டில் காத்திருக்கும் குடும்பத்தின் தேவையும் உண்மையானது. தரையில் முட்டையிடும் பறவையின் தேவையும் உண்மையானது. இரண்டையும் நிறைவு செய்யும் வழியைக் காண வேண்டியிருந்தது.

தொலைவே அளவுகோல்

புதர்வெளிக்கு வருவோர் யார், எங்கிருந்து வருகின்றனர் என்பதை அறிய நுழைவிடங்களில் மக்களையே கேட்டு ஆய்வு செய்தனர். பாதிக்கும் மேற்பட்டோர் நாயுடன் உலவ வந்தவர்கள். பெரும்பாலோர் மகிழுந்தில் வந்தனர். அவர்களுள் பெரும்பகுதியினரின் வீடுகள் 5 கி.மீ. தொலைவுக்குள் இருந்தன. இந்த உண்மையிலிருந்து மூன்று ஏற்பாடுகள் உருவாயின. இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான நேச்சுரல் இங்கிலாந்தும் உள்ளாட்சிகளும் இணைந்து வகுத்த இச்செயல்முறை 2009இல் ஏற்கப்பட்டது.

முதலாவது, புதர்வெளியின் எல்லையிலிருந்து 400 மீட்டருக்குள் புதிய வீடுகள் கூடா. நடந்தே வருவோரையும் உலாவும் பூனைகளையும் வேறு எவ்வகையிலும் தடுக்க இயலாது என்பதே காரணம்.

இரண்டாவது, 400 மீட்டர் முதல் 5 கி.மீ. வரையுள்ள பகுதியில் வீடு கட்டுவோர், மக்கள் உலவுவதற்கு மாற்று இயற்கைப் பசும்பரப்பை ஏற்படுத்த வேண்டும். அல்லது அதற்கான பங்கைச் செலுத்த வேண்டும். 1,000 பேருக்கு 8 ஹெக்டேர் என்பது அளவு. வெறும் பூங்காவாக அது இருந்தால் போதாது. நாயை அவிழ்த்துவிட இடமும், 2.3 கி.மீ.க்குக் குறையாத சுற்றுப்பாதையும், இயற்கையான தோற்றமும் இருக்க வேண்டும். வீடுகளில் மக்கள் குடியேறுமுன்னரே அது திறக்கப்பட வேண்டும்.

மூன்றாவது, புதர்வெளியிலேயே காவலர்களை அமர்த்தி, வருவோருக்கு அறிவுறுத்தி, பறவைகளின் எண்ணிக்கையைத் தொடர்ந்து கண்காணிக்க ஒவ்வொரு புதிய வீட்டின் பேரிலும் ஒரு தொகை பெறப்படுகிறது.

தெரிந்து தெளிவோம்: ஒரு கணக்கு

புதர்வெளியிலிருந்து 3 கி.மீ. தொலைவில் 500 வீடுகள் அமைவதாகக் கொள்வோம். ஒரு வீட்டில் சராசரியாக 2.4 பேர் எனில் மக்கள்தொகை 1,200. 1,000 பேருக்கு 8 ஹெக்டேர் வீதம் 9.6 ஹெக்டேர் பசும்பரப்பு தேவை. 12 ஹெக்டேருக்குக் குறைவான பசும்பரப்பு 2 கி.மீ. சுற்றளவில் உள்ள மக்களையே ஈர்க்கும் எனக் கருதப்படுவதால், அது வீடுகளிலிருந்து 2 கி.மீ. தொலைவுக்குள் அமைய வேண்டும்.

ஐயம் எழுந்தால்

மதிப்பீடு முடிந்தபின்னும் ஐயம் எஞ்சுவது இயல்பே. அந்நிலையில் எப்பக்கம் சாய்வது? ஐரோப்பிய நீதிமன்றம் 2004ஆம் ஆண்டு இதற்கு விடை கூறியது. நெதர்லாந்தின் வாடன் கடலில் இயந்திரத்தால் சிப்பி எடுக்கும் வழக்கில், பாதுகாக்கப்பட்ட பகுதிக்குத் தீங்கு நேராது என்பதில் அறிவியல் அடிப்படையிலான ஐயம் எஞ்சாதபோதே அனுமதி வழங்கலாம் என்று அது தீர்ப்பளித்தது. அதாவது, தீங்கு நேரும் என மெய்ப்பிக்கும் சுமை பறவைகளின் பக்கம் நிற்போர்மீது விழுவதில்லை. தீங்கு நேராது எனக் காட்டும் பொறுப்பு திட்டத்தையே சாரும். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிந்தபின்னும் இங்கிலாந்தின் விதிகளில் இந்நெறி தொடர்கிறது.

டார்செட்டில் பூல் நகருக்கு அருகிலுள்ள டால்பட் ஹீத்தை ஒட்டி வீடுகள் கட்டும் திட்டத்துக்கு உள்ளாட்சி ஒப்புதல் அளித்திருந்தும், பொது விசாரணைக்குப் பின் அரசின் அமைச்சர் 2012இல் அனுமதி மறுத்தார். உயிர்ச்சூழலுக்கு நேரக்கூடிய தீங்கே அதற்குக் காரணம். மதிப்பீடு என்பது முன்னரே எடுத்த முடிவுக்கு இடும் முத்திரையன்று என்பதை இது காட்டுகிறது.

தவிர்த்தல், தணித்தல், ஈடுசெய்தல் என்னும் வரிசையும் இங்கு நினைவில் கொள்ளத்தக்கது. கேட்டைத் தவிர்க்க இயலுமா என்பதே முதலில் எழ வேண்டிய வினா. இயலாதபோது அதைத் தணிக்க வேண்டும். ஈடுசெய்தல் இறுதி வழியே. 2024ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் இங்கிலாந்தில் பெரும்பாலான கட்டுமானங்கள், தாம் தொடங்குமுன் இருந்ததைவிட உயிர்வளத்தை 10 விழுக்காடேனும் உயர்த்தி, 30 ஆண்டுகள் பேண வேண்டும் என்பதும் சட்டமாகியுள்ளது. எனினும், நூற்றாண்டுகளாகச் சத்திழந்து உருவான மண்ணை வேறோரிடத்தில் முப்பது ஆண்டுகளில் உருவாக்குவது அரிது. ஆதலால் இருக்கும் புதர்வெளியைக் காப்பதே முதற்கடமையாகிறது.

கணக்கெடுப்புக்குப் பின்

நல்ல மதிப்பீடு அறிக்கையோடு முடிந்துவிடாது. குறித்த எண்ணிக்கையில் மக்கள் மாற்றுப் பசும்பரப்பை நாடுகின்றனரா, பறவைகள் நிலைபெறுகின்றனவா என்பதை ஆண்டுதோறும் சரிபார்க்க வேண்டும். 2009, 2010ஆம் ஆண்டுகளின் கடுங்குளிரில் கதிர்க்குருவிகள் பெருமளவில் மடிந்தன. அதற்குக் குடியிருப்புகளைக் காரணமாக்குவது பிழை. அதுபோலவே, பின்னர் ஒரு மிதமான குளிர்காலத்தில் அவை பெருகியதை மட்டும் கண்டு, காப்புமுறை வென்றது எனக் கொள்வதும் பிழை. நீண்டகாலப் பதிவுகளே உண்மையைப் பிரித்துக் காட்டும்.

வேலியிட்டுவிட்டால் புதர்வெளி பிழைக்கும் என்பதும் தவறான எண்ணம். முன்னோர் செய்த மேய்ச்சலையும் வெட்டுதலையும் இன்று காப்பாளர்கள் திட்டமிட்டுச் செய்கின்றனர். கால்நடைகள் மீண்டும் மேய விடப்படுகின்றன. பிர்ச் கன்றுகள் பிடுங்கப்படுகின்றன. மணல்பல்லிக்காக வெற்று மணல் திட்டுகள் உருவாக்கப்படுகின்றன. மனிதரின் தொழிலால் தோன்றிய நிலம், மனிதரின் தொழிலாலேயே நிலைபெறுகிறது.

மே மாதத்து அந்தியில் ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பும் பக்கி, சென்ற ஆண்டு முட்டையிட்ட அதே மணல்தரையைத் தேடி வருகிறது. அத்தரை அமைதியாக இருக்குமா என்பது, பல கி.மீ. தொலைவிலுள்ள அலுவலகம் ஒன்றில் சிலர் எந்த வினாக்களைக் கேட்டார்கள், எந்த மாதத்தில் களத்துக்குச் சென்றார்கள் என்பதைப் பொறுத்தது. தரிசு என்று ஒரு நிலத்தைக் குறிக்குமுன், உரிய காலத்தில் அங்குச் சென்று பார்க்க வேண்டும் என்பதே புதர்வெளி கற்பிக்கும் பாடம்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊரில் பயனற்றது எனக் கருதப்படும் நிலம் ஒன்றைத் தேர்ந்து, காலையிலும் மாலையிலும் ஒரு வாரம் கவனித்து, அங்குக் காணும் தாவரங்களையும் உயிரினங்களையும் பட்டியலிடுக.

2. ‘கட்டடம் எழும் இடத்தை மட்டும் ஆராய்ந்தால் போதும்’ என்னும் கருத்தை மறுத்து, பாடத்திலுள்ள சான்றுகளுடன் ஒரு பக்க அளவில் எழுதுக.

3. வீடு வேண்டுவோர், கட்டுமான நிறுவனத்தார், சூழலியலாளர், உள்ளாட்சி உறுப்பினர் ஆகியோர் பங்கேற்கும் கலந்துரையாடலை வகுப்பறையில் நிகழ்த்துக.